கீறாத கை

அவர் சவரக்கத்தி பட்டு யாருக்கும் ஒரு துளி ரத்தம் வந்து நான் பார்த்ததில்லை. பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு பக்கத்து நாற்காலியருகே நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவன் சொல்கிறேன். வரவில்லை.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்ன ரோட்டில் எங்கள் சலூன் இருந்தது. மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வாசலை ஒட்டிய முதல் நாற்காலி முதலாளியுடையது. கண்ணில் புரை விழுந்த பிறகு அவர் கத்தியைத் தொடுவதில்லை. நாற்காலியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். கூடிய சீக்கிரம் ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். அந்த நாற்காலி யாருக்கோ, கடையும் அவருக்குத்தான். எனக்கும் தெரியும், பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கும் தெரியும். நான்கு வருஷமாக இரண்டாம் நாற்காலியில் நின்றவன் நான் ஒருவன்தான். ஆகவே அந்தத் துணியை எடுக்கப் போவது என் கைதான் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவர் வந்து சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஒரு தகரப் பெட்டி. கிள்ளான், சிரம்பான், ஜொகூர் பாரு என்று ஊர் ஊராக வேலை பார்த்தவர். ஒரே இடத்தில் ஏன் தங்கவில்லை என்று முதலாளி கேட்டார். "தங்கணும்னுதான் இங்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்துத் தோல்வாரில் தீட்ட ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் நாற்காலி அவருக்கு.

ஒரு மாதத்தில் என் நிம்மதி போயிற்று.

அவர் சவரம் செய்தால் ஆள் தூங்கிவிடுவார். மிகைப்படுத்தவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், அச்சாபீஸ்காரர்கள், வீட்டில் மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உறக்கமில்லாத தகப்பன்கள், எல்லாரும் அந்த நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். கத்தி தோலின் மேல் போகிறதா, தோலுக்கு ஒரு மயிரிழை மேலே காற்றில் போகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். ஒருவர் அவசரப்படுத்தினால், "முகம் எங்கயும் ஓடிடாது லா" என்பார். அவர் பேச்சில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த ஒரு வரிதான். பிடித்தது என்று அப்போது ஒத்துக்கொண்டதில்லை.

பெஞ்சு நிறைந்திருக்கும். என் நாற்காலி காலியாக இருக்கும். துண்டை உதறி, வாங்க என்று கூப்பிடுவேன். "பரவாயில்ல லா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்பார்கள். ஒரு தொழிலாளியைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தைகளிலே இதைவிடக் கொடுமையானதை நான் கேட்டதில்லை.

ஜவுளிக்கடை ராவுத்தர் ஒருவர் மூன்று வருஷமாக என் கையில்தான் சவரம் செய்துகொண்டிருந்தார். அவரும் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டி, "கோவிச்சுக்காத தம்பி. நீ சவரம் பண்ணுனா மூஞ்சி சுத்தமாவுது. அவரு பண்ணுனா மனசு சுத்தமாவுது" என்றார். வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் இந்த வாக்கியத்தை நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். என்னைப் பற்றி என்பதால் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பொறாமைக்காரனுக்குக் கண் கூர்மை. அவர் செய்கிற ஒவ்வொன்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். எல்லாக் கடையிலும் வெள்ளைத் துண்டு; அவர் மட்டும் சொந்தக் காசில் வாங்கிய கருஞ்சிவப்புத் துண்டு. பகட்டு என்று நினைத்தேன். முகத்தில் பரு மண்டிய இளவட்டம் யாராவது வந்து உட்கார்ந்தால், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தம்பி கைதான் சரி" என்று என்னிடம் தள்ளிவிடுவார். நல்ல முகமெல்லாம் அவருக்கு, மேடுபள்ளமெல்லாம் எனக்கு. பெஞ்சில் யாராவது லாரி மோதிய கதையைத் தொடங்கினால் கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவார். வம்புப் பேச்சு பிடிக்காத பெரிய மனுஷனாம். தேக்கா மார்க்கெட்டைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடை. இவர் இறைச்சிக் கடைகள் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு போய்ச் சாப்பிடுவார். ஆட்கள் மாறுகிற இடைவெளியில் தைலப் புட்டியை எடுத்து மூக்கில் வைத்து இழுப்பார். கடை லீவு நாளில், நாங்கள் தங்கியிருந்த மாடியில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தால் சாயங்காலம் வரை அதே சுவர்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்று கை மட்டும் ஆடும். திமிர் என்று அதற்கும் பெயர் வைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் தலைவாரி, பவுடர் போட்டு, முதல் ஆளாகக் கத்தி தீட்டிக்கொண்டிருப்பார்.

அவரைப் பற்றி நான் வைத்திருந்த காரணமெல்லாம் தப்பு என்று தெரிந்தது ஒரு தடுப்பூசி வரிசையில்.

வட்டாரத்தில் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எனக்கு முன்னால் நின்றார். வரிசை நகர நகர அவர் சட்டையின் முதுகு நனைந்துகொண்டே வந்தது. வெயில் என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் நின்ற சீனக் கிழவியின் கையில் ஊசி குத்தி எடுத்ததும் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவ்வளவுதான். அரிசி மூட்டை சரிகிற மாதிரி என் மேல் சரிந்தார். தரையில் கிடத்தினேன். பின்னால் நின்றவர்கள் பித்தம் என்றார்கள், காற்று அடித்துவிட்டது என்றார்கள். நர்சம்மா மட்டும் பதறவில்லை. காலைத் தூக்கி ஒரு ஸ்டூல் மேல் வைத்தாள். பலபேருக்கு இப்படி ஆகும், பெரிய பெரிய ஆம்பளைகளே விழுவார்கள் என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கண் திறந்ததும் அவர் தண்ணீர் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முதலாளிகிட்ட சொல்லிடாத தம்பி."

சொல்ல மாட்டேன் என்றேன். சத்தியமா என்று கேட்டார். சத்தியம் என்றேன்.

திரும்பி வருகிற வழியில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து சொன்னார். சின்ன வயதிலிருந்து ரத்தம் பார்த்தால் விழுவாராம். அப்பாவுக்கு இதே தொழில், வேறு வேலை கற்றுக்கொடுக்க ஆளில்லை. ஆரம்பத்தில் பார்த்தால் மட்டும் வந்தது. போகப்போக யாராவது பேசினாலே வந்தது. இப்போது பேச்சுகூட வேண்டாம், நினைப்பே போதும். கிள்ளானில் ஒரு தடவை, சிரம்பானில் ஒரு தடவை கடையிலேயே விழுந்திருக்கிறார். நல்லவேளையாகக் கத்தி கையில் இல்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் இருக்க முடியாது, பெட்டியைத் தூக்கிவிடுவார்.

விழுந்து எழுந்தால் சரியாகப் போகிறது, அதற்கு ஏன் ஊர் மாற வேண்டும் என்று நான் கேட்டேன்.

"விழறது ஒரு நிமிஷம் தம்பி. விழுந்துடுவமோன்னு நெனைக்கிறது இருக்கே, அது காலைல பல்லு வெளக்குறதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும். ஒவ்வொரு கழுத்துலயும் கத்திய வெக்கிறப்ப, விழப்போறது இந்த ஆளுகிட்டயா, இந்த ஆளுகிட்டயான்னு."

அந்தக் கை ஏன் அப்படி ஒரு பூப்போல இருந்தது என்று அப்போது புரிந்தது. பயத்திலிருந்து வந்த கை அது. கருஞ்சிவப்புத் துண்டும் பருமுகங்களும் மார்க்கெட்டைச் சுற்றுகிற வழியும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நாட்களைப் பற்றியும் கேட்டேன். "ஆறு நாள் பயந்தவனுக்கு ஏழாம் நாள் ஒண்ணுமே இருக்காது தம்பி. அழக்கூட இருக்காது" என்றார். பிறகு காப்பியைக் கலக்கிக்கொண்டே, "ஒனக்கென்ன, படுத்தா காலைலதான் எந்திரிக்கிற. ஒன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்று சிரித்தார்.

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு ஆள். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன். அவர்மேல் பாசம்கூட வந்தது. ஒரு வாரம் இருந்தது அந்தப் பாசம். அடுத்த சனிக்கிழமை பெஞ்சு மறுபடி நிறைந்தது, என் நாற்காலி மறுபடி காலியானது, எனக்கு மறுபடி எரிந்தது. பயந்து நடுங்குகிறவன் முன்னால்கூட நான் இரண்டாம் பேர்தானா என்று இப்போது கூடுதலாகவே எரிந்தது.

முதலாளியின் மகள் வயிற்றுப் பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தக் கோயிலில் நாள் குறித்தார்கள். அதை முடித்துவிட்டு முதலாளி கப்பலேறுவதாக ஏற்பாடு. கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பிஞ்சு மண்டை. இவரு கைதான் எறக்கணும்." அதோடு நிறுத்தவில்லை. "எறக்கிட்டு வந்து மொத நாக்காலியில நில்லுங்க" என்றார்.

நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். நான்கு தடவை மடித்தேன் போலிருக்கிறது.

அன்று மத்தியானம் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியருகே அவர் என்னிடம் வந்தார். நாற்காலி கிடைத்தவர் முகம் மாதிரி இல்லை. ஆடுகிற குழந்தை, மொட்டை முடிந்த கையோடு காது குத்து. தள்ளி நிற்க முடியாது, குடும்பமே சுற்றி நிற்கும்.

"நீ எறக்கிடு தம்பி. நான் காய்ச்சல்னு படுத்துக்கறேன். நாக்காலியும் நீயே எடுத்துக்க, எனக்கு அது வேணாம்."

நான் கேட்காததையும் சேர்த்துத் தந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கோ அவர் வேண்டாமென்று தள்ளிய நாற்காலி வேண்டாம். எல்லாரும் பார்க்க அவருக்கு இல்லாமல் போகிற நாற்காலிதான் வேண்டும்.

"முதலாளி ஒங்களத்தாண்ணே கேட்டாரு" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கோயிலில் தாய்மாமன் மடியில் குழந்தை. நாதஸ்வரம் வாசிக்கிறார்கள், மேளம் அடிக்கிறார்கள். அவர் நெற்றி வேர்த்திருந்தது, கை நடுங்கவில்லை. உச்சந்தலையில் தண்ணீர் தடவி, கத்தியை வைத்து இழுத்தார். அழுதுகொண்டிருந்த குழந்தை அடங்கியது. பாதி மண்டைக்கு மேல் தூங்கியே போய்விட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. ஒரு கீறல் இல்லை. சந்தனத்தைக் கரைத்துத் தடவினார்கள். முதலாளி என்னைப் பார்த்து, பாத்தியா என்பதுபோலத் தலையாட்டினார்.

அடுத்து பத்தர் வந்தார். காது குத்துகிறவர் கை வேகமாகத்தான் இருக்க வேண்டும். குத்தினார். குழந்தை வீறிட்டது. காது மடலில் சிவப்பாக ஒரு மணி எழும்பியது.

அவர் முகம் சாம்பலாகிவிட்டது. எத்தனை வருஷப் பழக்கமோ, அந்த நிலையிலும் கத்தியை மடக்கி என் கையில் கொடுத்தார். தூணைத் தேடி முதுகைச் சாய்த்தார். அப்படியே வழுக்கி உட்கார்ந்து பக்கவாட்டில் சாய்ந்தார்.

இதற்குத்தானே காத்திருந்தேன். அடுத்து நடந்ததை நான் கனவில்கூட நினைத்திருக்க மாட்டேன். முதலாளியின் சம்சாரம் கை கூப்பிவிட்டாள். "சாமி வந்துருச்சு" என்றாள். மேளக்காரர் அடியைக் கூட்டினார். யாரோ ஒரு பிடி திருநீறை அவர் நெற்றியில் அப்பினார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் வராமல் இருக்க ஒரு வார்த்தை சொல்லும்படி அந்த அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள். அவர் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் கூப்பிய கைகள். என்ன ஏதென்று விளங்காமல், "தண்ணி" என்றார்.

கூட்டம் சிலிர்த்துப் போயிற்று. பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் என்று சாமி சொல்கிறது என ஒரு பெரியவர் விளக்கினார். கடல் பக்கம் கூட்டிப்போகாதே என்று பிள்ளையின் தாயை அங்கேயே எச்சரித்தார்கள். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி எறங்குற கை. அதான் அப்படி ஒரு கை" என்றார்.

நான் நின்றேன், அவருடைய கத்தியைப் பிடித்துக்கொண்டு. நின்றாலும் உயர்ந்தார், விழுந்தாலும் உயர்ந்தார். நான் நேராக ஐந்து வருஷம் நின்றதற்கு ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. என் குரல் எனக்கே கேட்டது, மேளம் ஓய்ந்த இடத்தில்:

"சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. ரத்தம் பாத்தா மயக்கம் வரும் இவருக்கு. ஊசி போட்ட அன்னிக்கும் விழுந்தாரு. அவரையே கேளுங்க."

வாடிக்கைக்காரர்களின் கழுத்து முக்கியமில்லையா, சொல்ல வேண்டியதைத்தானே சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே பலமுறை நியாயம் பேசியிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் யார் கழுத்தும் என் நினைப்பில் இல்லை.

பின்னாலிருந்து ஒருவர், "ரத்தத்துக்குப் பயந்த ஒரு பார்பரா?" என்றார். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் சிரித்தார், கை கூப்பியவர்களே வெட்கத்தை மறைக்க அதிகமாகச் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நெற்றியில் அப்பியிருந்த திருநீறை உள்ளங்கையால் வழித்து, கீழே சிந்தாமல் தூணின் ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாற்காலியின் துணியை நான் எடுத்தேன்.

அவரை யாரும் போகச் சொல்லவில்லை. இரண்டு நாள் கத்தி பிடித்தார். தூங்குவதற்கென்றே வந்தவர்கள் இப்போது நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்தார்கள். ராவுத்தர் என்னிடம் திரும்பி வந்தார். "இப்பல்லாம் அவரு கத்திய எடுத்தா எனக்குத்தான் மயக்கம் வருது" என்றார். சிரிக்க வேண்டிய இடம், சிரித்தேன். மூன்றாம் நாள் அவர் கீழே இறங்கவில்லை. மூன்று வாரம் அந்தச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். இரண்டு வேளையும் சாப்பாடு வாங்கிக்கொண்டு போய் வைப்பேன், பாதி அப்படியே இருக்கும். உடம்புக்கு என்னண்ணே என்று கேட்டால், உடம்புக்கு ஒன்றும் இல்லை, எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை என்பார். கோபமாக ஒரு சொல் இல்லை. கோபித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

முதலாளி கப்பலேறிய மறுநாள் அவர் குளித்துத் தலைவாரிப் பெட்டியோடு இறங்கி வந்தார். வாசலில் மறித்தேன். கத்தி வேண்டாம், கத்தரி வேலை மட்டும் பாருங்கள், ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வோம் என்றேன். வேண்டிக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நீ நல்லவந்தான் தம்பி" என்றார். "ஆனா நீ என்னைப் பாத்துக்கிட்டே இருப்ப. விழறானா இல்லியான்னு. அப்படிப் பாக்குற ஆளு முன்னாடி என்னால நிக்க முடியாது."

சிங்கப்பூர் தனி நாடானதற்கு அடுத்த வருஷம், சாங்கி ராணுவ முகாமில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் முடி வெட்ட உட்கார்ந்தார். அங்கே கடைத்தெருவில் ஒரு தமிழர், நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் ஒரு விஷயம் சொல்லிவிட்டுத்தான் கத்தி எடுப்பாராம் என்று சொல்லிச் சிரித்தார். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. லீவு நாளில் பஸ் ஏறினேன்.

ஒரே நாற்காலிக் கடை. பெஞ்சில் நான்கு பேர் காத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்கப் போன ஆள் முதலில் செய்தது, அந்தத் தலைகளை எண்ணியது. பழைய இடத்திலேயே எரிந்தது. ஐந்தாவதாக உட்கார்ந்தேன். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அரைகுறை இங்கிலீஷில் சொன்னார், மலாய் மீனவருக்கு மலாயில் சொன்னார், மற்ற இருவருக்கும் தமிழில். ஒவ்வொருவரும் சரி என்று தலையாட்டிவிட்டுச் சிலைபோல இருந்தார்கள். யாரும் அவரைப் பயந்து பார்க்கவில்லை. தைலப் புட்டியை எங்கேயும் காணோம். தலை நரைத்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

என் முறை வந்தது. துண்டைக் கழுத்தில் சுற்றும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு முடிச்சைப் போட்டார்.

"எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும்" என்றார், மற்றவர்களிடம் சொன்ன அதே குரலில். "ஆடாம ஒக்காரணும். வர்ற மாதிரி இருந்தா கத்தியக் கீழ வெச்சுட்டு நான் ஒக்காந்துடுவேன். நீங்க பயந்துக்க வேணாம்."

"எனக்குத் தெரியுமேண்ணே" என்றேன்.

"தெரிஞ்சாலும் சொல்லணும் தம்பி. நானே சொன்னாத்தான் கை வருது."

மோவாயைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினார். நான் ஆடாமல் உட்கார்ந்தேன்.